மகிழமரம் வீட்டுக்கு ஆகாதா?

அடையாற்றில் காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் பக்கம் ஒரு பழைய தனிவீடு இடிபட்டு அடுக்குமாடிக் குடியிருப்பாக எழும்போது, முதலில் போவது அந்த வீட்டு மரம்தான். கட்டி முடித்ததும் தரை முழுக்க டைல்ஸ் பதிக்கிறார்கள். சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு மண் விட்டு, அதில் குரோட்டன்ஸ் வைக்கிறார்கள். "ஒரு மரம் வைக்கலாமே" என்று குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால் பதில்கள் வரிசையாக வரும். வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும், புயலில் விழும், பாம்பு வரும், குப்பை சேரும், அது கோயில் மரம், வீட்டில் வைக்கக் கூடாது.

இந்தப் பதில்களில் சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. சிலவற்றில் துளியும் இல்லை. எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். பூவுக்கும் பழத்துக்கும் நிழலுக்கும் ஆகிற, தென்னிந்தியாவில் தானாக வளர்கிற மகிழமரம். சப்போட்டாவும் இலுப்பையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வருடம் முழுக்க இலை இருக்கும். வீட்டு முற்றத்தில் 30 முதல் 40 அடி வரை வளர்ந்து, மேலே அடர்ந்த குடையாக நிற்கும். மகிழத்தைப் பற்றிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி நாவலுக்கும் புன்னைக்கும் பொருந்தும்.

நம்பிக்கை: வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும்.

உண்மை: வேர் ஈரத்தையும் காற்றையும் தேடிப் போகிறது. ஒழுங்காகக் கட்டிய, விரிசல் இல்லாத அஸ்திவாரத்தில் அதற்கு இரண்டுமே கிடைப்பதில்லை. அதனால் சுவரில் முட்டியதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஏற்கெனவே இணைப்பு விட்டுக் கசிகிற கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் புகுவது உண்மைதான். ஆனால் அங்கே குழாய் கசிந்தது முதலில், வேர் வந்தது பிறகு.

சுவரைப் பிளக்கும் மரங்களாக நாம் கண்ணால் பார்ப்பவை அரசும் ஆலும். பறவை எச்சத்தில் விழுந்த விதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைத்து, அந்த விரிசலையே பெரிதாக்கும். அந்தக் காட்சியை வைத்து எல்லா மரங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மகிழத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

இடைவெளி விடத்தான் வேண்டும். மகிழம் என்றால் கட்டடத்திலிருந்து 10, 12 அடி. நாவல் பெருமரம், அதற்கு 20 அடியாவது தேவை. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, குழாய்கள் போகும் பாதை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு குழி தோண்டுங்கள். உங்கள் மனை களிமண் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். களிமண் காயும்போது சுருங்கும், நனையும்போது உப்பும்; மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அந்தச் சுருக்கம் கூடும். அந்த அளவுக்கு இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நம்பிக்கை: புயல் வந்தால் மரம் விழும். அதனால் மரமே வேண்டாம்.

உண்மை: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியதை அடையாற்றில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தெருக்கள் அடைபட்டு, பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போனது. அதிலிருந்து "மரம் என்றாலே ஆபத்து" என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

விழுந்தவை எவை என்று பார்த்தால் வேறு விஷயம் புலப்படும். சாலையோரங்களில் சாய்ந்து கிடந்தவற்றில் குல்மோஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்தும் தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்தும் வந்தவை. சீக்கிரம் வளரும், அகலமாக விரியும், கிளை எளிதில் முறியும். நாட்டு மரங்களும் விழுந்தன, மறைப்பதற்கில்லை. கிண்டி தேசியப் பூங்காவிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும்கூடச் சேதம் இருந்தது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரமே 1989 புயலில் சாய்ந்ததுதான். ஆனால் அதன் விழுதுகள் இன்றும் தோப்பாக நிற்கின்றன.

மரத்தைச் சாய்ப்பது காற்று மட்டுமல்ல. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிடுகிறோம். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி, மரத்தின் எடையை மறுபக்கம் தள்ளுகிறோம். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டு மூச்சை அடைக்கிறோம். இந்த மூன்றையும் செய்துவிட்டுக் காற்றின் மேல் பழி போடுகிறோம். கட்டையில் உறுதியும் அடக்கமான குடையும் கொண்ட மகிழம் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் மரம். வேரை அறுக்காமல் விட்டால் அது நம்மையும் காக்கும்.

நம்பிக்கை: கடலோரத்து உப்புக்காற்றில் பழமரம் வராது.

உண்மை: ஒட்டு மாங்கன்றோ ஆப்பிள் கொய்யாவோ வைத்து, அது கருகிப்போகக் கண்டவர்கள் சொல்லும் பேச்சு இது. சோழமண்டலக் கரைக்கென்றே ஒரு காடு உண்டு. தாவரவியலாளர்கள் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். கிண்டி தேசியப் பூங்காவில் அந்தக் காட்டின் மிச்சம் இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைத்தபோது அந்தக் காட்டு வகை மரங்களையே தேர்ந்தெடுத்து நட்டார்கள். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டி நிழல் அமைப்பு வளர்த்த மரப் பூங்காவில் நாட்டு மரங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கன்று வாங்கும் முன் ஒருமுறை அங்கே நடந்துவிட்டு வாருங்கள். வளர்ந்த பின் எந்த மரம் எவ்வளவு இடம் கேட்கும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

புன்னை கடல்மணலிலேயே வளரும். மகிழமும் நாவலும் கடற்கரை ஊர்களில் நன்றாகவே நிற்கின்றன. கவனிக்க வேண்டியது தண்ணீரை. கோடையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால், இளங்கன்றுக்கு அதை மட்டுமே நம்பாதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது; அதைப் பிடித்து ஊற்றலாம்.

நம்பிக்கை: சப்போட்டாவும் கொய்யாவும்தான் நம் ஊர்ப் பழமரங்கள்.

உண்மை: இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, நம் நாக்குக்கும் பழகிவிட்டன. அவற்றை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றுக்கு இடம் கொடுத்து, நம்முடையவற்றை மறந்துவிட்டோம். சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்குகிறீர்களே, அதன் அடியில் வேராக இருப்பது பெரும்பாலும் பாலை. கோடையில் தெருவோரம் கூடையில் வைத்து விற்பார்களே, மஞ்சளாகச் சின்னதாகப் பாலப்பழம், அந்த மரம்தான். இந்த மண்ணிலும் வறட்சியிலும் நிற்கும் தெம்பு அதற்கு இருப்பதால்தான் அதன் வேரில் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். வேருக்கு நம்புகிற மரத்தைப் பழத்துக்கும் நம்பலாம்.

நம்பிக்கை: மகிழம்பழம் சாப்பிட ஆகாது.

உண்மை: பழுத்தால் சாப்பிடலாம். காயாக இருக்கும்போது கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பைச் சுவைத்தவர்கள்தான் "விஷம்" என்று கிளப்பிவிடுகிறார்கள். பச்சை மாறி மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகும்போது பழம் பதம். ஓர் அங்குல நீளம் இருக்கும். தோலைப் பிதுக்கினால் மாவு போன்ற மஞ்சள் சதை, இனிப்பும் மிச்சத் துவர்ப்புமாக. நடுவில் பளபளப்பான பழுப்புக் கொட்டை ஒன்று இருக்கும். அதைத் துப்பிவிட வேண்டும்.

மாம்பழத்தோடு போட்டி போடுகிற பழம் அல்ல இது. கடையில் விலைக்கு வராது. குழந்தைகள் மரத்தடியில் பொறுக்கித் தின்கிற பழம். கிளி, மைனா, குயில், குக்குறுவான் எல்லாம் பங்குக்கு வரும். பறவையோ வௌவாலோ கடித்துப் போட்டதை மட்டும் சாப்பிடக் கூடாது. 2018இல் கேரளத்தில் நிபா பரவியபோது வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். எல்லாப் பழங்களுக்கும் பொருந்துகிற விதி அது. நல்ல பழத்தைக் கழுவித் தின்னலாம், வௌவாலைப் பார்த்து மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இரவில் மகரந்தத்தையும் விதையையும் ஊர் முழுக்கக் கொண்டுசேர்ப்பது அந்த வௌவால்தான்.

நம்பிக்கை: மகிழம்பட்டை பல்வலியைத் தீர்க்கும், நாவல்கொட்டை சர்க்கரையைத் தீர்க்கும்.

உண்மை: மகிழம்பட்டையில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது ஈறை இறுக்கும். அதனால்தான் பல்பொடிகளில் சேர்த்தார்கள். சொத்தையை அது அடைக்காது. வலி இருந்தால் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நாவல்கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த விபரீதம் வேண்டாம். அதோடு, பட்டைக்காக மரத்தைச் சுற்றிச் செதுக்கினால் மரம் பட்டுப்போகும். இலையிலிருந்து வேருக்கு உணவு போகிற பாதை பட்டையை ஒட்டித்தான் இருக்கிறது.

நம்பிக்கை: வாசனைப் பூ இருந்தால் பாம்பு வரும்.

உண்மை: பாம்புக்குப் பூவில் வேலை இல்லை. எலி, தவளை, ஓணான் இருக்கிற இடத்துக்கு இரை தேடி வரும். அடர்ந்து கிடக்கும் புதர், அடுக்கி வைத்த செங்கல், மூடாத குப்பைத்தொட்டி, இவைதான் எலியை அழைக்கின்றன. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருங்கள், போதும்.

மகிழம்பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வராது. விரல் நகம் அளவுதான். வெண்மையில் லேசாகச் சந்தன நிறம் கலந்த, நட்சத்திரம் போல் விளிம்பு பிரிந்த பூ. இரவில் மலர்ந்து விடியும் முன்பே உதிர்ந்துவிடும். உதிரும்போது காம்பும் புல்லியும் மரத்திலேயே தங்கிவிட, பூ மட்டும் நடுவில் துளையோடு விழும். அந்தத் துளை வழியாக ஒரு நூலையோ தென்னங்கீற்று ஈர்க்கையோ விட்டால் மாலை தயார். ஊசி வேண்டாம், முடிச்சும் வேண்டாம். மாலை காய்ந்து பழுப்பான பிறகும் மணம் இருக்கும். அதனால்தான் பாட்டிமார் அதைப் புடவைப் பெட்டிக்குள் போட்டு வைத்தார்கள்.

நம்பிக்கை: அது கோயில் மரம். வீட்டில் வைத்தால் ஆகாது.

உண்மை: மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் புன்னையும் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு மகிழமும் தலமரங்கள் என்பது உண்மை. சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு "பிரியேன்" என்று வாக்குக் கொடுத்தது ஒற்றியூர் மகிழின் அடியில் என்று பெரிய புராணம் சொல்கிறது; ஆண்டுதோறும் மகிழடி சேவை நடக்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்றே பெயர். அவர் அணிந்தது மகிழம்பூ மாலை.

இவற்றில் எதுவும் வீட்டில் வைக்காதே என்று சொல்லவில்லை. வேம்பும் வில்வமும்கூடத் தலமரங்கள்தான். வேம்பில்லாத தெரு உண்டா? தெய்வத்துக்கு உகந்தது என்று முன்னோர் மதித்த மரத்தை வாசலில் வளர்ப்பது மரியாதைக் குறைவாகாது. கால்படும் இடத்தில் பூ விழுமே என்று மனம் சங்கடப்பட்டால், நடைபாதையிலிருந்து தள்ளி நடுங்கள். இரவே மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் பூ முழுவதும் அதில் சேர்ந்துவிடும்.

நம்பிக்கை: குப்பை சேரும், யார் கூட்டுவது?

உண்மை: மகிழம் ஒரேயடியாக இலையுதிர்க்கும் மரம் அல்ல. பூக்காலத்தில் பூவும் அடுத்துப் பழமும் விழும், அவ்வளவுதான். நாவல்பழம் அடியில் நிறுத்திய காரில் ஊதாக் கறை போடும். அதனால் கார் நிற்கும் இடத்துக்கு மேல் நாவல் வேண்டாம், மகிழம் வைக்கலாம். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தைத் தொடாதபடி. கோடையில் மண்ணின் ஈரம் காயாது. மழைக்குப் பின் அதுவே உரமாகும்.

நம்பிக்கை: சீக்கிரம் வளர்கிற மரமே நல்லது, கன்றும் ஆளுயரத்துக்கு இருக்க வேண்டும்.

உண்மை: சீக்கிரப் பச்சைக்காகக் கோனோகார்ப்பஸ் வைத்த ஊர்கள் இப்போது வருந்துகின்றன. குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் பின்னர் தடை செய்தது. மகிழம் மெதுவாகத்தான் வளரும். விதைக்கன்று பூக்க ஐந்தாறு ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும். அந்த மெதுவில்தான் கட்டையின் உறுதி சேர்கிறது.

நர்சரியில் ஆறடிக் கன்றைக் காட்டி "உடனே பூத்துடும் சார்" என்பார்கள். அந்த உயரத்துக்குச் சின்னப் பையில் பல காலம் இருந்திருந்தால், வேர் போக இடமின்றிப் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக்கிடக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாது. வருடங்கள் கழித்து அடிமரத்தையே இறுக்கும். புயலில் பெயர்ந்து விழும் மரங்கள் சிலவற்றின் அடியில் அந்தப் பழைய பை அளவுக்கே வேர்க்கட்டி இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு, மூன்று அடிக் கன்றாக வாங்குங்கள். பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் துளை வழியே வெளியே வந்திருந்தால் வேறு கன்றைக் கேளுங்கள். தண்டு, முட்டுக்கொம்பு இல்லாமலேயே தானாக நிற்க வேண்டும். நடும்போது பையை முழுவதும் கிழித்து எடுங்கள். சுற்றிய மெல்லிய வேர் இருந்தால் கூரிய கத்தியால் கீறி விடுங்கள்.

நம்பிக்கை: குழி தோண்டி நட்டுத் தினம் தண்ணீர் தெளித்தால் போதும்.

உண்மை: சென்னைக்கு ஆண்டில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டும். ஆவணி, புரட்டாசியில் மாலை மழை தொடங்கியதும் நட்டால், அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மழை முடிவதற்குள் கோடையைத் தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும். சித்திரையில் நட்டால் கன்றுக்கும் உங்களுக்கும் சிரமம்.

மூன்றடி அகலம், பை அளவு ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குழி போதும். கட்டட இடிபாடுகளை முழுக்கப் பொறுக்கி எடுங்கள். அடுக்குமாடி வளாகங்களில் தரைக்குக் கீழே பெரும்பாலும் செங்கல் துண்டும் சுண்ணாம்புமாகத்தான் இருக்கும். தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து மூடுங்கள். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ, தரையிலும் அங்கேதான் இருக்க வேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

தினம் கொஞ்சம் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும்; வேரும் மேலேயே தங்கிவிடும், பிறகு காற்றுக்கும் வறட்சிக்கும் தாங்காது. முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு இரண்டு முறை, பாத்தி கட்டி, ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து மகிழம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கிளை வெட்டுவதானால் கன்று சின்னதாக இருக்கும்போதே, ஒரு நடுத்தண்டு இருக்கும்படி, கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

இந்தப் பயங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மரத்தின் மேல் நாம் சுமத்துகிற குற்றங்களில் பெரும்பாலானவை நட்ட விதத்தின் குற்றங்கள், நட்ட பின் வேருக்கும் கிளைக்கும் நாம் செய்தவற்றின் குற்றங்கள். பொருத்தமான மரம், போதிய இடைவெளி, மூடப்படாத மண், இந்த மூன்றும் இருந்தால் மரம் வீட்டுக்குப் பகையாவதில்லை. சிமென்ட் மூடிய வளாகத்தில் மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. மண் திறந்திருக்கும் இடத்தில் நிலத்துக்குள் இறங்குகிறது. 2015 வெள்ளத்தில் அடையாற்றுக் கரையில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குடியிருப்போர் சங்கத்தினரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வளாகத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும்போது, கட்டடத்திலிருந்து தள்ளி ஆறடிக்கு ஆறடி இடத்தை மூடாமல் விடுங்கள். அந்த ஆவணியிலேயே அதில் ஒரு மகிழங்கன்றை நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை ஒரு வீட்டாரிடம் ஒப்படையுங்கள்.